எளியோரை நோக்கும் கடவுள்: கூலி வேலை செய்யிற ஆக்களுக்கு நாலு கிழமை வேதபாடம் எப்படி அமைக்கலாம்?

வாவிக்கரையான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் ஒரு வீட்டுக்கூட்டத்தில நாலு கிழமைக்கு வேதபாடம் எடுக்கிற பொறுப்பு வந்திருக்கு. தலைப்பைச் சபையே குடுத்திட்டாங்க: "எளியோரை நோக்கும் கடவுள்". வியாழக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு. கார்த்திகைக் கடைசியில தொடங்கி, நத்தாருக்கு முதல் முடிக்க வேணும்.

வாற ஆக்கள் இருபது, இருபத்தைஞ்சு பேர். வாவியில வலை போடுறவங்க, மேசனுக்குக் கைக்குதவியாப் போற பொடியன்மார், வெளிநாட்டில வீட்டு வேலை செய்திட்டு வந்த பெண்கள், பெண்கள் குழுவாச் சேர்ந்து எடுக்கிற குழுக்கடனைக் கட்டுற அம்மாமார். மாரி மழைக்குள்ள பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

எந்தப் பகுதிகளை எந்த ஒழுங்கில எடுக்கலாம்? ஏற்கெனவே எல்லாராலயும் தாழ்த்தப்பட்ட ஆக்களுக்கு முன்னால நிண்டு "தாழ்மையா இருங்க" எண்டு சொல்றது சரியாப் படேல்ல. அதை எப்படிக் கையாளுறது? "கடவுள் பாக்கிறார் எண்டா எங்களுக்கு ஏன் இப்படி?" எண்டு ஆரும் கட்டாயம் கேட்பாங்க. அதுக்கு என்ன சொல்றது? கடைசிக் கூட்டத்தோட சபை உலர் உணவுப் பொதியும் குடுக்குது. பாடம் ஒரு பக்கம், குடுக்கிற விதம் இன்னொரு பக்கமாப் போயிடக் கூடாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கல்லாற்று_உபதேசி பதில்:

தம்பி, நாலு கிழமை எண்டா நாலு கருத்துத்தான். ஒரு கூட்டத்தில ரெண்டு நீளமான வேதபகுதிக்கு மேல வாசிச்சா ஒண்டும் மனசில நிக்காது.

ஒழுங்கு முக்கியம். இந்தத் தலைப்பெண்டா எல்லாரும் மரியாளின் பாட்டில தொடங்குவாங்க (லூக்கா 1:46-55). பசியுள்ளவங்களை நன்மைகளால நிரப்பினார் எண்டு முதல் நாளே உரத்துப் பாடினா, அடுப்பு எரியாத வீட்டில இருந்து வந்த ஆள் வாயைத் திறக்க மாட்டார். அதை மூண்டாம் கிழமைக்குத் தள்ளுங்க.

முதல் கிழமைக்கு ஆகார், ஆதியாகமம் 16. எகிப்துக்காரி, அடிமை, வயிற்றில பிள்ளையோட வனாந்தரத்துக்கு ஓடிப்போனவள். அந்த அதிகாரத்தில சாராயோ ஆபிராமோ அவளின்ட பேரை ஒரு தரமும் வாயால சொல்றதில்லை. "என் அடிமைப்பெண்", "உன் அடிமைப்பெண்", அவ்வளவுதான். பேர் சொல்லிக் கூப்பிடுற முதல் குரல் கர்த்தருடைய தூதன்ட குரல் (8). பதிலுக்கு அவள் கடவுளுக்கே ஒரு பேர் வைக்கிறாள், என்னைக் காண்கிற தேவன் எண்டு (13). வேதாகமத்தில கடவுளுக்கு இப்படிப் பேர் வைக்கிற முதல் ஆள் ஒரு வீட்டு வேலைக்காரி. வெளிநாட்டில வேலை செய்த பெண்கள் இருக்கிற கூட்டத்தில இதுக்கு விளக்கம் தேவையில்லை. "இந்தக் கதையில ஆர் ஆர் அவளின்ட பேரைச் சொல்றாங்க?" எண்டு ஒரு கேள்வி கேளுங்க. மறுகா நீங்க வாயை மூடிக்கொண்டு இருங்க. ரெண்டு நிமிசம் அமைதியா இருந்தாலும் பரவாயில்லை, நீங்களா நிரப்ப வேண்டாம்.

ரெண்டாம் கிழமைதான் முழுப் பாடத்துக்கும் முதுகெலும்பு: உபாகமம் 24:6-22. கடவுளின்ட இரக்கம் உணர்ச்சியா மட்டும் இல்லாமல், சட்டமா, ஒழுங்குமுறையா எப்படி இறங்கி வருது எண்டு இதில பாக்கலாம். திரிகைக் கல்லை ஈடாக எடுக்கக் கூடாது (6), எடுத்தா அந்த வீட்டில மா அரைக்க ஏலாது. கடன் குடுத்தவன் ஈட்டை எடுக்க வீட்டுக்குள்ள நுழையக் கூடாது, வெளியில நிக்க வேணும், கடன்பட்டவனே கொண்டு வந்து குடுப்பான் (10-11). ஏழையின்ட போர்வையை ஈடா எடுத்திருந்தா பொழுது படுறதுக்குள்ள திருப்பிக் குடுக்க வேணும், அவன் அதைத்தான் போத்திக்கொண்டு படுப்பான் (12-13). விதவையின்ட உடுப்பை ஈடா எடுக்கவே கூடாது (17). கூலியை அண்டண்டு பொழுது படுறதுக்கு முதல் குடுக்க வேணும் (14-15).

பதினோராம் வசனத்தில கொஞ்சம் நில்லுங்க. தவணை பிழைச்சா வீட்டு விறாந்தையில வந்து குந்திக்கொண்டு, மற்றப் பெண்களையும் எழும்ப விடாமல் வைச்சிருக்கிற வசூல் முறை உங்கட அம்மாமாருக்குத் தெரியும். கடனைக் கட்ட வேண்டாம் எண்டு வேதம் சொல்லேல்ல. ஆனா கடன்பட்டவளின்ட வாசற்படிக்கு ஒரு மரியாதை இருக்கு, அதைக் காக்க ஒரு வசனத்தையே ஒதுக்கியிருக்கார். யாத்திராகமம் 22:25-27ஐயும் சேர்த்து வாசிச்சா, போர்வையைப் பறிகொடுத்தவன் முறையிட்டா நான் கேட்பேன் எண்டு கடவுள் தன்னைப் பற்றியே சொல்ற இடம் வரும்.

அதே அதிகாரத்தின்ட கடைசி வயல் பற்றினது. வயலில மறந்த கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது (19). லேவியராகமம் 19:9-10 இன்னும் ஒரு படி போய், வயலின்ட ஓரத்தை அறுக்காமலே விடச் சொல்லுது. எவ்வளவு ஓரம் எண்டு வேதத்தில அளவு இல்லை. பின்னால வந்த யூத மரபில அறுபதில ஒண்டுக்குக் குறையக் கூடாது எண்டு வைச்சாங்க. எங்கட கணக்கில சொன்னா, ஏக்கருக்கு 1,500 கிலோ நெல் விளைஞ்சா 25 கிலோ. வயல் சொந்தக்காரப் போடியாருக்கு அது பெரிய நட்டம் இல்லை.

இதில கவனிக்க வேண்டியது அளவை விட முறையைத்தான். ஆர் வந்து எடுக்கிறது எண்டு வயல்காரன் தெரிவு செய்யிறதில்லை. ஏழை தன்ட கையால அறுத்து, தன்ட தலையில சுமந்து கொண்டு போறான். ஆருக்கும் கும்பிடு போடத் தேவையில்லை. நீங்க கடைசியாக் கேட்ட பொதி விசயத்துக்கும் இங்கதான் விடை கிடக்கு.

மூண்டாம் கிழமை பாட்டுகள். அன்னாளின் ஜெபத்தையும் (1 சாமுவேல் 2:1-10) மரியாளின் பாட்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு வாசியுங்க. மறுகா லூக்கா 2:24க்குப் போங்க. பிள்ளை பெற்ற தாய் சுத்திகரிப்புக்கு ஒரு ஆட்டுக்குட்டியும் ஒரு பறவையும் குடுக்க வேணும், ஆட்டுக்கு வசதி இல்லாட்டி ரெண்டு பறவை போதும் எண்டு லேவியராகமம் 12:6-8ல இருக்கு. மரியாளும் யோசேப்பும் குடுத்தது ரெண்டு பறவை, அதாவது இல்லாதவங்களுக்கு வைச்ச காணிக்கை. லேவியராகமம் 5:7-13ல இன்னும் கீழ இறங்குது. பறவைக்கும் வழியில்லாட்டி எப்பா எண்ட பழைய அளவில பத்தில ஒரு பங்கு மா, ஏறக்குறைய 2 லீற்றர், எண்ணெயும் சாம்பிராணியும் இல்லாமல். அதைக் கேட்கவே இல்லை.

இந்தக் கிழமையில வழமையா வாற பிழை: ராஜாக்களைத் தள்ளி எளியவங்களை உயர்த்தினார் எண்ட வரியைப் பிடிச்சுக்கொண்டு, விசுவாசிச்சா உங்களுக்கும் மாடி வீடு எண்டு முடிக்கிறது. மரியாள் அந்தப் பாட்டைப் பாடின பிறகும் பெற்ற பிள்ளையைத் தீவனத் தொட்டியிலதான் கிடத்தினாள் எண்டதைச் சொல்லி விடுங்க.

நாலாம் கிழமை பந்தி. யாக்கோபு 2:1-9, 1 கொரிந்தியர் 11:17-22, 33. கொரிந்துச் சபையில முதல் வந்தவங்க சாப்பிட்டுக் குடிச்சு முடிக்க, இல்லாதவங்க பசியோட நிண்டாங்க. பிந்தி வந்தவங்க வேலை முடிச்சு வந்த கூலியாக்களும் அடிமைகளும் எண்டுதான் விளக்கவுரைகள் பெரும்பாலும் சொல்லுது. பவுலின்ட தீர்வு ஒரே வரி: ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருங்க. பணக்காரனை நல்ல இடத்தில இருத்தி ஏழையை நிக்க வைக்காதீங்க எண்ட யாக்கோபுக்கு எங்கட நாட்டில விளக்கவுரையே தேவையில்லை, முன் கதிரையில "பிரதம அதிதி" எண்டு ஒட்டி வைக்கிற கடதாசி காணும்.

நடத்துற முறையில ஒரு எச்சரிக்கை. வட்டமா இருத்தி ஆளுக்கு ஒரு வசனம் வாசிக்க விடாதீங்க. எழுத்துத் தெரியாத ஆளும், கண்ணாடி இல்லாத ஆளும் தங்கட முறை வர முதலே வெளியில போவாங்க, அடுத்த கிழமை வர மாட்டாங்க. எளியோரைப் பற்றின பாடத்திலயே எளியவனை வெட்கப்படுத்தின மாதிரி ஆகிடும். நல்லா வாசிக்கிற ஒராளை முதல் நாளே பழக்கி, ரெண்டு தரம் மெதுவா வாசிக்க வையுங்க. மொத்தம் ஒரு மணித்தியாலம். அதில உங்கட பேச்சு 20 நிமிசத்தைத் தாண்டக் கூடாது.

---

மறைக்கல்வி_ஆசிரியை பதில்:

உபதேசி ஐயா சொன்ன ஒழுங்கு நல்லது. கத்தோலிக்கப் பக்கத்தில் நாங்கள் தொடக்க நூல், இணைச்சட்டம் என்று சொல்வதெல்லாம் அதே பகுதிகள்தான், எண்களும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் ஆகார் பாடத்தில் ஒரு முள் இருக்கிறது. அதை அகற்றாமல் எடுக்க வேண்டாம்.

16:9இல் தூதர் அவளைத் தலைவியிடம் திரும்பிப் போய் அடங்கி இருக்கச் சொல்கிறார். வீட்டில் அடி வாங்கும் பெண் ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருந்தால், அவள் காதில் விழுவது அந்த ஒரு வசனம் மட்டும்தான். "கடவுளே திரும்பிப் போகச் சொல்கிறார்" என்று எடுத்துக்கொள்வாள். அவளைத் திருப்பி அனுப்ப நினைக்கும் உறவினருக்கும் அது வசதியாகிவிடும். ஆகவே 16ஆம் அதிகாரத்தோடு நிறுத்தாமல் 21:14-19ஐயும் அன்றைக்கே வாசியுங்கள். இரண்டாவது முறை ஆகார் வெளியே வரும்போது திரும்பிப் போகும்படி யாரும் சொல்லவில்லை. பிள்ளையின் குரலைக் கடவுள் கேட்கிறார், அவள் கண்ணைத் திறக்கிறார், அவள் கிணற்றைக் காண்கிறாள். 16:9 அந்தப் பாலைவனத்தில் அந்தக் கர்ப்பிணிக்குச் சொன்னது, எல்லா வீட்டுக்கும் போட்ட கட்டளை இல்லை என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள். கேட்பவர்கள் தாங்களாக விளங்கிக்கொள்வார்கள் என்று விட்டுவிட வேண்டாம்.

பெயர் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. நேரம் இருந்தால் லூக்கா 16:19-31ஐயும் தொட்டுக் காட்டலாம். இயேசு சொன்ன உவமைகளில் பெயரோடு வரும் ஏழை இலாசர் மட்டும்தான். செல்வந்தனுக்கு அங்கே பெயர் இல்லை.

"தாழ்மையாய் இருங்கள்" பற்றி: நற்செய்தியில் அந்தப் பேச்சு யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். லூக்கா 14:7இல் முதலிடம் தேடிய விருந்தினரைப் பார்த்து. லூக்கா 18:9இல் தங்களை நேர்மையாளர் என்று நம்பி மற்றவர்களை இகழ்ந்தவர்களைப் பார்த்து. பிலிப்பியர் 2இல் இறங்கி வருபவர் கிறிஸ்துவே. ஏற்கெனவே கடைசி இடத்தில் இருப்பவரைப் பார்த்து "நண்பரே, மேலே வாரும்" என்றுதான் விருந்துக்கு அழைத்தவர் சொல்கிறார் (14:10). உங்கள் கூட்டத்துக்கு அந்த வசனம் போதும். "தாழ்ந்து நில்" என்ற பகுதியைச் சபையின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு தனிக் கூட்டம் வைத்து எடுங்கள்.

இன்னொரு பகுதியும் கட்டாயம் கேள்வியாக வரும்: ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை (லூக்கா 21:1-4). அதைக் காணிக்கைப் பையோடு சேர்த்தே கேட்டுப் பழகியிருப்பார்கள். அவள் போட்ட இரண்டு காசும் சேர்ந்தால் ஒரு தெனாரியத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. தெனாரியம் ஒரு நாள் கூலி. இன்றைக்கு நாட்கூலி 3,000 ரூபா என்று வைத்தால் அது 50 ரூபாவும் வராது. அதற்கு மேலே உள்ள வசனத்தையும் வாசியுங்கள் (20:47). கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றி இயேசு எச்சரித்து முடித்த கையோடுதான் இந்தக் கைம்பெண் வருகிறாள். அவள் பிழைப்புக்கு இருந்ததெல்லாம் போய்விட்டது என்று அவர் சொல்வதில் பாராட்டோடு ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. இதைக் காட்டாமல் "நீங்களும் உள்ளதையெல்லாம் போடுங்கள்" என்று இந்த மக்களிடம் சொல்லவே கூடாது.

"ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு விடை சொல்ல முயலாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் இருந்தவரைக்கும் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள். யாராவது கேட்டால் திருப்பாடல் 10இன் முதல் வசனத்தை வாசியுங்கள்: ஆண்டவர் ஏன் தொலைவில் நிற்கிறார் என்று வேதமே கேட்கிறது. இன்னும் கனமாக வேண்டுமென்றால் 88. அது கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வசனம் ஒன்றும் ஒட்டப்படவில்லை. அப்படி ஒரு செபத்தையும் கடவுள் தம் நூலில் வைத்திருக்க விட்டார் என்பதே பதில். மார்கழி 26 நெருங்கும் நேரம். கல்லடி, நாவலடி, திருச்செந்தூர் பக்கத்தில் 2004இல் பிள்ளைகளை இழந்தவர்கள் உங்கள் முன்னால் இருப்பார்கள். "கடவுள் தாழ்த்திப் பிறகு உயர்த்துவார்" என்ற பேச்சை ஆழிப்பேரலையோடு தெரியாமல்கூட முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். "யார் செய்த பாவம்?" என்ற கேள்வியை யோவான் 9:2-3 அடைத்துவிடுகிறது, அது போதும்.

---

கணக்கப்பிள்ளை பதில்:

வசனம் எல்லாம் மேல ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. நான் பொதிக்கு வாறன்.

முதல் அளவு. ஒரு ஆளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 300 கிராம் அரிசி. அஞ்சு பேர் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோ. வழமையாக் குடுக்கிற 10 கிலோ ஒரு கிழமைக்குக் காணாது. மழை மூண்டு கிழமை பெய்யும். பொதியில பிஸ்கட், நூடில்ஸ், கேக் எண்டு நிரப்பிப் பெரிசாக் காட்டுறதை விட்டிட்டு அந்தக் காசுக்கு அரிசி, பருப்பு, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் இல்லாட்டி விறகு எண்டு போங்க. ஈர விறகில சோறு வேகாது. வெள்ளத்துக்குள்ள அரிசி இருந்தும் அடுப்பு மூட்ட வழியில்லாத வீடு கன இருக்கு. பிள்ளை இருக்கிற வீட்டுக்கு 400 கிராம் பால்மா ஒண்டு.

கடைசிக் கூட்டத்தில வைச்சுக் குடுக்கிற யோசனையை விடுங்க. பாடத்துக்கு வந்தாப் பொதி எண்டு ஊர் விளங்கும். நாலாம் கிழமை கூட்டம் இருபத்தைஞ்சில இருந்து எழுபது ஆகும், அதுக்கு முதல் மூண்டு கிழமை வந்தவங்களுக்குப் பங்கு காணாமல் போகும், சண்டை வரும். அதை விடப் பெரிய வில்லங்கம், பக்கத்துச் சைவ வீடுகளுக்குக் குடுத்தா மதம் மாத்த வந்திட்டாங்க எண்டு கதை வரும், குடுக்காட்டித் தங்கட ஆக்களுக்கு மட்டும் எண்டு கதை வரும். உபாகமம் 24ல கதிர்க்கட்டு ஆருக்கு எண்டு பாருங்க: அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை. முதல் பேரே அந்நியன். எல்லா வீட்டுக்கும் குடுங்க, ஆனா பாடத்தையும் பொதியையும் வேற வேற நாளில வையுங்க. பொதிக்குள்ள துண்டுப் பிரசுரம் வைக்க வேண்டாம். வீட்டு வாசலில நிண்டு நீட்டி ஜெபிக்கவும் வேண்டாம், அவங்களாக் கேட்டா வேற விசயம்.

பட்டியல் எழுதுற இடத்தில இன்னொரு பிழை நடக்கும். சபை நிர்வாகம் மட்டும் இருந்து எழுதினா, கோயிலுக்கு வாற ஆக்களின்ட பேர்தான் வரும். அப்போஸ்தலர் 6ல இதே முறைப்பாடு: அண்டண்டு நடந்த பங்கீட்டில கிரேக்கம் பேசுற விதவைகளைக் கவனிக்கேல்ல எண்டு. தெரிஞ்செடுத்த ஏழு பேரின்ட பேரையும் பாருங்க, எல்லாம் கிரேக்கப் பேர். ஆர் விடுபட்டாங்களோ அந்தப் பக்கத்து ஆக்களின்ட கையிலயே பங்கீட்டைக் குடுத்திட்டாங்க. நீங்களும் வாவிக்கரை ஒழுங்கையில இருந்து ரெண்டு அம்மாமாரைப் பட்டியலுக்கு இருத்துங்க. எந்த வீட்டில அடுப்பு எரியேல்ல எண்டு மூப்பருக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும். அரசாங்கத்தின்ட அஸ்வெசும உதவிக் காசு கிடைக்காத வீடுகளைத் தனியாக் குறியுங்க. பொதியை விட, மேன்முறையீட்டுப் படிவம் நிரப்பப் பிரதேச செயலகத்துக்குக் கூடப் போற ஒரு ஆள் கன பிரயோசனம்.

கொண்டு போய்க் குடுக்கேக்க ரெண்டு பேராப் போங்க, அதில ஒராள் பெண். தனியா இருக்கிற பெண்ணின்ட வீட்டுக்கு ஆம்பிளை மட்டும் பொழுதுபட்ட பிறகு போனா அவளுக்குத்தான் கதை. வின்சென்ட் தே போல் சபைக்காரர் ரெண்டு பேராத்தான் வீடு சந்திக்கப் போவாங்க. ஏழைகளுக்கு உதவ 1833ல பாரிசில பல்கலைக்கழகப் பொடியன்மார் தொடங்கின கத்தோலிக்கச் சபை அது. அவங்கட கூட்டத்தில இரகசியப் பை எண்டு ஒண்டு சுத்தி வரும். ஆர் எவ்வளவு போட்டது எண்டு பக்கத்தில இருக்கிறவருக்கும் தெரியாது. மத்தேயு 6:3-4ஐ நடைமுறையில பாக்க விரும்பினா அதைப் பாருங்க.

பொதியே வேண்டாம் எண்டு நினைச்சா இன்னொரு வழியும் இருக்கு. சந்திக் கடையில அந்த வீட்டின்ட கடன் கொப்பிக்கு ஒரு தொகை கட்டி விடலாம். என்ன சாமான் வேணும் எண்டு அவங்களே தெரிவு செய்வாங்க. ஆனா வீட்டுக்காரரைக் கேட்டுப் போட்டுச் செய்யுங்க. கேளாமல் செய்தா அவங்கட கடன் எவ்வளவு எண்டு நீங்க விசாரிச்ச மாதிரி ஆகிடும். கடைக்காரரும் வாய் பொத்தி இருக்கிற ஆளா இருக்க வேணும்.

---

வாவிக்கரையான் பதில்:

மூண்டு பேருக்கும் நன்றி. ஆகார் பாடத்தை 21ம் அதிகாரத்தோட சேர்த்தே எடுக்கிறன். பாடத்தையும் பொதியையும் பிரிக்கச் சபையும் ஓம் எண்டு சொல்லும் எண்டு நினைக்கிறன்.

இன்னும் ரெண்டு விசயம். காசு தாறது வெளிநாட்டில இருக்கிற எங்கட ஊர் ஆக்கள். அவங்க படம் கேட்கிறாங்க, பொதி வாங்கிற ஆளின்ட முகத்தோட. படம் இல்லாட்டி அடுத்த வருசம் அனுப்ப மாட்டாங்க எண்டு பொருளாளர் பயப்படுறார். மற்றது, கூட்டத்தில வாற அம்மாமாரே தாங்களும் ஏதாவது குடுக்க வேணும் எண்டு நிக்கிறாங்க. சோறு வைக்கேக்க ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைக்கிற பழைய பிடியரிசி முறையைத் திரும்பத் தொடங்கலாமா? இல்லாதவங்களிட்ட இருந்து வாங்கிறது சரியா?

---

கணக்கப்பிள்ளை பதில்:

காசு குடுத்தவங்க ஆதாரம் கேட்கிறது நியாயம். முகம் கேட்கிறது நியாயம் இல்லை. வாங்கின கடைச் சிட்டை, கட்டி அடுக்கின பொதிகளின்ட படம், வீட்டு இலக்கம் இல்லாமல் எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளை எண்ட கணக்கு, சபைக்கு வெளியில உள்ள ஒரு ஆளின்ட கையெழுத்து, உதாரணத்துக்குக் கிராம சேவகர் இல்லாட்டி மாதர் சங்கத் தலைவி. இதை ஒரு பக்கத்தில போட்டு அனுப்புங்க. முகத்தோட படம் எடுத்தா அது முகநூலில ஏறும், பள்ளிக்கூடத்தில அந்தப் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகள் காட்டுவாங்க. அதுக்குப் பிறகு அந்த வீடு அடுத்த வருசம் பசியோட இருந்தாலும் கேட்காது. பொருளாளரிட்ட இதைச் சொல்லுங்க.

பிடியரிசி தாராளமாச் செய்யலாம். ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம். நாளுக்கு ஒருக்காச் சோறு வைக்கேக்க ஒரு பிடி எடுத்தா மாதம் 1.2 கிலோ. இருபத்தைஞ்சு வீட்டுக்கு 30 கிலோ. அஞ்சு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு 20 நாள் சாப்பாடு அது. பிழைக்கிறது ரெண்டு இடத்தில. நாடும் சம்பாவும் சிவப்பரிசியும் ஒண்டாக் கொட்டினா ஒண்டு குழையும் மற்றது வேகாது. வாங்கேக்கயே மூண்டு வாளி வையுங்க. மாரியில ஈரம் ஏறி வண்டு வரும், மாதக் கடைசி மட்டும் வைச்சிருக்காமல் கிழமைக்கு ஒருக்கா, உங்கட வியாழக்கிழமைக் கூட்டத்திலயே சேர்த்து அந்தக் கிழமைக்குள்ள குடுத்து முடியுங்க. வீட்டில மூடி இறுகின பிளாஸ்டிக் போத்தலில வைக்கச் சொல்லுங்க. ஆர் கொண்டு வந்தது, ஆர் வரேல்ல எண்டு கொப்பியில எழுத வேண்டாம். மூலையில வாளி இருக்கட்டும், வாறவங்க போறவங்க கொட்டட்டும். எடுக்கிற ஆளும் அதே வாளியில இருந்து எடுக்கலாம் எண்டு விட்டா இன்னும் நல்லம்.

---

மறைக்கல்வி_ஆசிரியை பதில்:

இல்லாதவர்களிடம் வாங்குவது சரியா என்ற கேள்விக்கு: 2 கொரிந்தியர் 8:1-5ஐப் பாருங்கள். மாசிதோனியச் சபைகள் கொடிய வறுமையில் இருந்தும், தங்களுக்கும் அந்தப் பங்கு வேண்டும் என்று பவுலை வற்புறுத்திக் கேட்கின்றன. கேட்டது அவர்கள், பவுல் இல்லை. அதே அதிகாரத்தில் 13ஆம் வசனம், மற்றவர்களின் சுமை குறைய வேண்டும் என்பதற்காக நீங்கள் துன்புற வேண்டியதில்லை என்கிறது. அம்மாமார் தாங்களாகக் கேட்டிருக்கிறார்கள், மறுக்க வேண்டாம். பீடத்திலிருந்து அறிவித்து எல்லோர் மேலும் சுமத்தவும் வேண்டாம். கொடுக்கவே தகுதியில்லாதவர் என்று ஒருவரை நிரந்தரமாக வாங்கும் பக்கத்தில் இருத்தி வைப்பதும் அவரைக் குறைப்பதுதான்.

---

நடுவயல் பதில்:

எல்லாம் சரி, ஒரு பக்கம் விடுபட்டிருக்கு. ஏழை எண்டபடியால் அவன் நீதிமான் எண்டு வேதம் எங்கயும் சொல்லேல்ல. யாத்திராகமம் 23:3ம் லேவியராகமம் 19:15ம் வழக்கில ஏழைக்கும் முகதாட்சணியம் பாக்கக் கூடாது எண்டு சொல்லுது, பெரியவனுக்கும் பாக்கக் கூடாது எண்டு லேவியராகமம் அதே மூச்சில சொல்லுது. வரி வசூலிக்கிற ஆயக்காரன் ஏழை இல்லை, சகேயு ஐசுவரியவான், அவங்களையும் கடவுள் பாத்தார். நாலு கிழமையும் எளியோர், எளியோர் எண்டு போனால், வலை போடுற ஆள் பக்கத்து ஆளின்ட வலையை வெட்டினதையும், குடிச்சிட்டு வந்து மனிசிக்கு அடிக்கிறதையும் ஆர் கேட்கிறது? மனந்திரும்புதலுக்கு ஒரு கிழமை வேணும்.

---

கல்லாற்று_உபதேசி பதில்:

நடுவயல் அண்ணன் சொல்றதில நியாயம் இருக்கு, ஆனா அதுக்குத் தனிக் கிழமை போட்டா அது திட்டுற கூட்டமா மாறிடும். ரெண்டாம் கிழமைக்குள்ளயே வைக்கலாம். உபாகமம் 24:18லயும் 22லயும் ஒரே காரணத்தை ரெண்டு தரம் சொல்றார்: நீ எகிப்தில அடிமையா இருந்ததை நினை. அந்தச் சட்டத்தைக் கேட்டுக் கொண்டு நிண்ட ஆக்கள் முந்தி மிதிபட்டவங்கள். இனி மிதிக்கிற இடத்துக்கு வரக்கூடிய ஆக்களும் அவங்கதான். தம்பி அந்த இடத்தில நிறுத்தி, "உங்களுக்குக் கீழ ஆர் இருக்காங்க?" எண்டு கேட்கலாம். வீட்டில மனிசி, தோணியில கூலிக்கு வாற பொடியன், ஒழுங்கைக் கடைசியில ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்காத வீடு. பதிலை வாயால சொல்ல வைக்க வேண்டாம். தண்ணி வாங்கிக் குடிக்காத வீட்டுக்காரரும் அந்தப் பாயிலதான் இருப்பாங்க.

சகேயுவை எடுக்கிறதெண்டா லூக்கா 19:8ஐ முழுசா வாசியுங்க. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமா வாங்கினது நாலு மடங்காத் திரும்ப. அதை வீட்டுக்கூட்டத்தில விட, பொதிக்குக் காசு தாற ஆக்களும் வந்திருக்கிற ஞாயிறு ஆராதனையில எடுக்கச் சொல்லிப் போதகரைக் கேளுங்க.

மறுகா, வியாழக்கிழமை ஆறரை எண்டு போட்டிருக்கிறீங்க. குழுக்கடன் கூட்டம் அந்த ஒழுங்கைக்கு எந்த நாள் வருது எண்டு முதல் விசாரியுங்க. அதே நாளெண்டா அம்மாமார் வர மாட்டாங்க, வந்தாலும் மனசு இங்க இராது. வலைக்குப் போற ஆக்களுக்கு ஆறரை பிந்தினது. அஞ்சரைக்கு வைச்சா அவங்களும் பாதி நேரம் இருந்திட்டுப் போவாங்க. மேசன் வேலைப் பொடியன்மார் ஆறு மணிக்குத்தான் வருவாங்க. தேத்தண்ணியை முன்னுக்குக் குடுத்து முடிக்காமல் அவங்க வரும் மட்டும் வைச்சிருங்க.